தண்ணீர்மலை முதல் நிபோங் திபால் வரை: யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?

வியாழன், தண்ணீர்மலை

ஒரு கூட்டத்தில் யாருக்கு யார் நெருக்கம் என்று பார்த்து எழுதி, அதை வலையமைப்புப் படமாக வரைவது எப்படி என்று பினாங்கில் ஒரு வாரம் எழுதிய களக்குறிப்பு இது. ஜார்ஜ் டவுனிலிருந்து பத்தாம் எண் பேருந்து தாவரவியல் பூங்கா வாசல் வரைக்கும் வருகிறது. குரங்கு பார்க்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். எட்டரைக்கு மேல் நடைப்பயிற்சிக்காரர்களும் வேர்க்கடலைப் பொட்டலங்களும் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணில் படுவது குரங்குக்கும் குரங்குக்கும் உள்ள உறவு இல்லை, குரங்குக்கும் பொட்டலத்துக்கும் உள்ள உறவு.

1884ல் தொடங்கிய பூங்கா இது. நாகலிங்க மரங்களைத் தாண்டி ஓடைப் பக்கம் திரும்பினால் நீள்வால் குரங்குகள் இருக்கும். மலாய்க்காரர்கள் கெரா என்பது இதைத்தான். பெண்களான மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க இருக்கும். ஆண்களான கடுவன்கள் பருவம் வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். ஆகவே கூட்டத்தின் முதுகெலும்பு பாட்டி, தாய், மகள் என்ற வரிசைதான். ஓங்கித் திரியும் பெரிய தாட்டானைப் பார்த்து அதுதான் கூட்டத்தின் மையம் என்று நினைப்பவர்கள் அதிகம். பேன் பார்க்கும் கணக்கைக் காகிதத்தில் போட்டால், கோடுகள் பெரும்பாலும் வயதான மந்திகளைச் சுற்றியே நெருங்கும்.

முதல் நாளில் எதையும் எண்ண வேண்டாம். விதிகளை எழுதிவைத்தால் போதும். ஆகக் குறைந்தது நான்கு விதிகள் வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ‘பக்கத்தில்’? நீள்வால் குரங்குக்கு ஒரு மீட்டர் சரியான அளவு. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம் அது. பேன் பார்ப்பது எப்போது முடிந்தது என்று கொள்வது? முப்பது வினாடிக்கு மேல் கை நின்றாலோ ஆள் மாறினாலோ அது முடிந்தது, அடுத்தது புதுக் கணக்கு. பார்த்துவிடுவது யார், பார்த்துக்கொள்வது யார்? அம்புக்குறி போட்டு எழுத வேண்டும், இரண்டையும் ‘சேர்ந்திருந்தன’ என்று ஒரே கூடையில் போடக் கூடாது. நான்காவது, இடம் விட்டு விலகல்: ஒன்று ஒரு மீட்டருக்குள் நெருங்கி, மற்றது ஐந்து வினாடிக்குள் எழுந்து போனால் ஒரு புள்ளி. கடித்துக்கொள்ளும் சண்டை அபூர்வம். மேல் கீழ் வரிசையைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சத்தமில்லாத விலகல்தான்.

இந்த அளவுகள் வேதவாக்கு இல்லை. ஒன்றரை மீட்டர் என்று வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் வைத்த பிறகு பாதியில் மாற்றக் கூடாது. வலையமைப்பு என்று கடைசியில் வரையப்போகும் படம் காட்டில் கிடக்கும் பொருள் இல்லை, இந்த விதிகளிலிருந்து பிறப்பது. விதி தளர்ந்தால் எல்லோருக்கும் எல்லோரும் நண்பர்கள் என்று படம் சொல்லும்.

ஓடைக் கல்மேல் இன்று நடந்த ஒன்றை மட்டும் கிட்டத்திலிருந்து எழுதுகிறோம். ஒரு மந்தி குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டியது. மற்றது இடது கையால் முடியை வளர்ச்சிக்கு எதிராகத் தள்ளி, வலது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே எதையோ கிள்ளி எடுத்து உதட்டில் வைத்தது. முதுகு முடிந்து அக்குள், அக்குள் முடிந்து காதுக்குப் பின்புறம். தன் கையோ வாயோ எட்டாத இடங்களையே பெரும்பாலும் நீட்டிக் காட்டும். ஐந்து நிமிடம் கழித்து இடம் மாறி உட்கார்ந்தன, இரண்டாவதன் முறை. அப்போது ஒரு குட்டி ஓடிவந்து நடுவில் புகுந்ததும் இரண்டும் நின்றுவிட்டன. முப்பது வினாடி விதி இல்லையென்றால் இங்கே ஒன்றா இரண்டா மூன்றா என்று பதிவு எழுதுகிறவர்கள் இருவரும் ஆளுக்கொரு எண் எழுதியிருப்பார்கள்.

வெள்ளி, அதே இடம்

ஆள் அடையாளம். இந்த வேலையில் பாதிப் பேர் கைவிடும் கட்டம் இதுதான்.

முகத்தை வைத்து அடையாளம் பழக வாரக்கணக்கு ஆகும். அதுவரை உடலில் மாறாதவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: காது மடலில் கிழிசல், வால் நுனியில் முறிவு, விரல் குறைவு, மூக்குத்தண்டில் தழும்பு, பால் கொடுத்த மந்திக்கு நீண்ட முலைக்காம்பு. முடி நிறமும் உடல் பருமனும் உதவாது, இரண்டும் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், இடது முகம், வலது முகம், வால் என்று மூன்று படம், ஒரு பெயர். பெயர் வாயில் சட்டென்று வர வேண்டும்: ஒத்தக்காதி, வாலறுந்தான், மூக்கழகி. எம்-07 என்று எழுதினால் மழையில் ஓடிக்கொண்டே பதிவு செய்யும்போது எம்-01 ஆகிவிடும். ‘சண்டைக்காரி’ மாதிரி குணத்தைச் சொல்லும் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம். பெயர் வைத்த மறுநாளிலிருந்து அந்த மந்தி செய்வதெல்லாம் சண்டையாகவே தெரியும்.

அடையாளம் உறுதியான பிறகு இரண்டு வகைப் பதிவு. ஒன்று, ஒரே குரங்கைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்து அது செய்வதை எல்லாம் நேரத்தோடு எழுதுவது. மற்றது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை இடமிருந்து வலமாகக் கண்ணால் துழாவி, யாருக்கு மிக அருகில் யார் என்று மட்டும் எழுதுவது. இந்த முறைகளை ஒழுங்குபடுத்தி, எதற்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொன்னது ஜீன் ஆல்ட்மன் 1974ல் எழுதிய கட்டுரை. அதற்கு முன்பு ஆளாளுக்குக் கண்ணைக் கவர்ந்ததை எழுதினார்கள். கண்ணைக் கவர்வது எப்போதும் சண்டையும் புணர்ச்சியும்தான், அமைதியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பதிவிலேயே ஏறாது.

யாரைப் பார்ப்பது என்ற வரிசையை முந்தின இரவே சீட்டுக் குலுக்கி எடுத்துவிட வேண்டும். பட்டியல் முழுக்க ஒரு சுற்று முடியும்வரை எதையும் இரண்டாம் முறை பார்க்கக் கூடாது. கிளைக்குப் பின்னால் மறைந்துவிட்டால் ‘மறைவு’ என்று எழுதி நேரத்தைக் குறித்துக்கொள்வது. பத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்தால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுவது. வாரத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே குரங்கை ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதி ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் குறை குரங்கிடம் இல்லை, விதி எழுதிய வாசகத்தில் இருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கோயில் பக்கம் போனோம். 513 படி ஏறும் பாலதண்டாயுதபாணி கோயில் அடிவாரத்தில் பூசைப் பழமும் தேங்காயும் விற்கும் அக்கா பார்த்ததும் சொன்னார்: “தம்பி, அந்த பிளாஸ்டிக் பைய கையில தொங்கவிடாதீங்க. பைக்குள்ள புத்தகம் இருக்கா பழம் இருக்கான்னு அதுக்குத் தெரியாது லா.” அனுபவப் பாடம். நெகிழிப் பையின் சரசரப்பே இங்குள்ள குரங்குகளுக்கு சாப்பாட்டு மணி.

அரை மணி நேரத்தில் பார்த்தது இது. ஒருவர் வாழைச்சீப்பைத் தரையில் வைத்தார். ஐந்து குரங்குகள் ஒரு மீட்டருக்குள் வந்தன. விதிப்படி எழுதினால் ஐந்தும் நெருங்கிய நண்பர்கள். ஆனால் அதில் இரண்டு, காலை முழுக்கப் பூங்காவில் ஒன்றையொன்று தவிர்த்தவை. சாப்பாட்டுக் குவியல் ஒன்றைச் சுற்றிச் சேர்ந்ததை உறவு என்று கணக்கில் ஏற்றினால் படம் முழுவதும் பொய்யாகிவிடும். எனவே தாளில் ‘மனித உணவு உண்டு, இல்லை’ என்று ஒரு தனிக் கட்டம் வேண்டும். கடைசியில் இரண்டையும் தனித்தனிப் படமாக வரைந்து பார்க்க வேண்டும்.

மனிதர் குறுக்கிட்டால் பதிவு மட்டும் கெடுவதில்லை. கோலாலம்பூர் வட்டாரத்து நீள்வால் குரங்குகளைப் பற்றி 2019ல் வெளியான ஆய்வு ஒன்று, மனிதர்களோடு கூடுதலாகப் புழங்கும் குரங்குகள் பேன் பார்ப்பதற்குக் குறைவான நேரமே கொடுக்கின்றன என்று காட்டியது. ஒரு நாளில் இருக்கும் மணி அதேதான். பையைக் கண்காணிக்கும் நேரம் எங்கிருந்தாவது வெட்டப்பட வேண்டும்; அது உறவுக்கான நேரத்திலிருந்து வெட்டப்படுகிறது.

பேன் பார்ப்பதைப் பாசம் என்று மட்டும் நினைக்கவும் வேண்டாம். போர்னியோவின் தஞ்சோங் புத்திங்கில் இதே இனத்தைப் பார்த்த மைக்கேல் குமெர்ட், கடுவன் மந்திக்குப் பேன் பார்த்துவிட்ட பிறகு புணர்ச்சி கூடுகிறது என்றும், சுற்றுவட்டத்தில் மந்திகள் நிறைய இருந்தால் அந்தப் பேன் பார்க்கும் நேரம் சுருங்குகிறது என்றும் 2007ல் எழுதினார். சந்தையில் வரத்து கூடினால் விலை இறங்கும் என்ற அதே கணக்கு.

பாதுகாப்புக்கு இரண்டு வரி. பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி வெளிறிய இமையைக் காட்டி முறைத்தால் அது மிரட்டல். ஓடாமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் விலகுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

சனி, கொடிமலை

204 எண் பேருந்தில் வந்து இழுவை ரயிலில் ஏறலாம். சனிக்கிழமை வரிசை நீளம், முதல் வண்டியைப் பிடிக்காவிட்டால் காலை போச்சு. இந்த ரயில் பாதை 1923லிருந்து ஓடுகிறது. மலைக்காடும் சுற்றுப்புறமும் 2021ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. லோத்தோங்குகள் அதற்குச் சற்றுக் கீழே, சாலையோர மரங்களில்.

மலாயில் லோத்தோங் செங்கோங், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருஞ்சாம்பல் இலைக்குரங்கு. கண்ணாடி போட்ட குரங்கு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். குட்டி பிறக்கும்போது பொன்னிறம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். இந்தப் பொன்னிறம் பதிவு எடுப்பவருக்குக் கொடுத்து வைத்த வசதி. நாற்பதடி உயரத்தில் இலைக்குள் மறைந்திருக்கும் தாயைத் தெரியாது, குட்டி தெரியும். அதைப் பின்தொடர்ந்தால் ஒரு மணி நேரத்தில் அது எத்தனை மடி மாறுகிறது என்று எண்ணலாம்.

இந்த மடி மாற்றம்தான் இன்றைய விஷயம். நீள்வால் குரங்கில் தாய் குட்டியை எளிதில் விடாது. மேல்நிலை மந்தி கேட்டு வாங்கிக்கொண்டால் திரும்பக் கிடைப்பது சந்தேகம். இலைக்குரங்குகளில் தாய் அல்லாத மந்திகளும் இளம்பெண்களும் குட்டியை வாங்கித் தூக்கிவைத்துக்கொள்கின்றன. பெற்றவள் அந்த நேரத்தில் நிதானமாக இலை தின்கிறாள். இலை உணவு சத்துக் குறைந்தது, பல அறை வயிற்றில் நுண்ணுயிர்களால் புளித்தே செரிக்கிறது. தின்னும் நேரமும் ஓய்வு நேரமும் நிறைய வேண்டும். ரொட்டியும் இனிப்புப் பழமும் அந்தப் புளிப்பு வேலையைக் கெடுக்கும். ஆசைப்பட்டுக் கொடுக்கும் பிஸ்கெட் அதற்கு விருந்தில்லை, வயிற்று வலி.

ஆகவே இங்கே பேன் பார்க்கும் படம் மட்டும் வரைந்தால் கூட்டத்தின் பாதிதான் தெரியும். குட்டி கை மாறும் படம் தனியாக வேண்டும்: கொடுத்தவர், வாங்கியவர், நேரம், திரும்ப வாங்கியவர் என நான்கு கட்டம். தாயே நீட்டியதா, மற்றது இழுத்ததா என்பதையும் எழுத வேண்டும், இரண்டும் வேறு வேறு செய்தி.

முறையும் மாறுகிறது. பூங்காவில் செய்ததுபோல் ஒரு குரங்கைப் பத்து நிமிடம் தொடர்வது இங்கே நடக்காது; இலை மறைப்பு அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துழாவும் பதிவுதான் தாங்கும். ஒரு மீட்டர் விதியும் உதவாது. கீழிருந்து மேலே பார்க்கையில் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு குரங்குகளுக்கு நடுவே நான்கு மீட்டர் ஆழம் இருக்கும். ‘ஒரே மரம்’ அல்லது ‘கிளை தொடும் பக்கத்து மரம்’ என்ற பெரிய விதி இங்கே நேர்மையானது. எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி போதும். பத்து மடங்கு எடுத்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். மலையில் பதினோரு மணிக்கு மேல் மூடுபனி வந்தால் கண்ணாடி நீர் கோத்துவிடும், துடைக்கப் பருத்தித் துணி கையில் இருக்கட்டும்.

ஞாயிறு, தெலுக் பஹாங்

101ல் கடற்கரையோரமாகக் கடைசி நிறுத்தம் வரை. தேசியப் பூங்கா வாசலில் பெயர் பதிந்துகொண்டு தெலுக் டூயோங் பக்கம் நடக்கலாம். ஊரில் எல்லாரும் குரங்குக் கடற்கரை என்பது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே குரங்கு பார்ப்பது என்பது கோழி பொரிக்கும் குடும்பங்களைப் பார்ப்பது. வேறு கிழமை வாருங்கள்.

இன்று பார்க்க வந்தது சாலைக்கு மேலே தொங்கும் ஒரு பாலம். லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற அமைப்பு 2019ல் தெலுக் பஹாங் சாலையின் குறுக்கே, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு கட்டிய மரக்கிளை உயரப் பாலம். ‘ஆ லாய்ஸ் கிராசிங்’ என்று பெயர். லோத்தோங், நீள்வால் குரங்கு, அணில் மூன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

கயிறு போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கயிறு ஈரத்தில் மட்கும், வெயிலில் நாரு பிரியும். தீயணைப்புக் குழாய் அழுத்தத்தையும் தண்ணீரையும் உரசலையும் தாங்குவதற்கென்றே நெய்தது. அகலமாகத் தட்டையாகத் தொங்குவதால் பாதம் பிடிக்கும். சாலையின் இரு பக்கமும் ஏற்கனவே அவை பழகிய மரத்தில் முடிச்சு இருந்தால்தான் போகும். புதிய கம்பத்தில் கட்டினால் மாதக்கணக்கில் வெறுமனே தொங்கும்.

வலையமைப்புக் கணக்கில் இந்தப் பாலத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு விலங்கு, கோடு என்பது உறவு. நெருங்கிக் கிடக்கும் இரண்டு கொத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி வழியாக மட்டும் தொடர்பு இருந்தால், அந்தப் புள்ளியின் ‘இடைநிலை’ மதிப்பு மிக அதிகம். அதற்கு நண்பர்கள் குறைவாக இருக்கலாம், பேன் பார்க்கும் நேரமும் சொற்பமாக இருக்கலாம். ஆனால் அதை நீக்கினால் கூட்டம் இரண்டாகும். நியூசிலாந்தின் டவுட்ஃபுல் சவுண்டில் 62 டால்ஃபின்களின் உறவைப் படமாக வரைந்த டேவிட் லூசோவின் 2003 ஆண்டு வேலை இப்படிப்பட்ட இணைப்பாளர்களைப் பேசவைத்தது. சாலையில் அடிபட்டுச் சாகும் ஒரு குரங்கு எந்தப் புள்ளி என்பது எண்ணிக்கைக் கணக்கில் வராது. ஒன்று போனால் ஒன்று குறைவு என்று மட்டும் பதிவேடு சொல்லும்.

திங்கள், மழை

காலையிலிருந்தே கொட்டுகிறது. குரங்குகள் கிளைக்குள் முடங்கிவிட்டன. மழையில் பதிவு எடுக்காமல் இருப்பதே நல்லது; எல்லாம் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது குளிருக்கு. உறவுக் கணக்கில் சேர்த்தால் மழைக்காலத்தில் கூட்டம் ஒற்றுமையாகிவிட்டது என்று தப்பாக எழுத நேரும்.

ஆகவே மேசையில் கணக்கு. இரண்டு குரங்குகளின் நெருக்கத்தை ஓர் எண்ணாக்குவது எப்படி? உதாரணத்துக்கு, ஒத்தக்காதியும் மூக்கழகியும் 12 துழாவலில் சேர்ந்து தெரிந்தன. ஒத்தக்காதி மட்டும் தெரிந்தது 8, மூக்கழகி மட்டும் தெரிந்தது 10. எளிய விகிதம்: 12ஐ 12+8+10 ஆல் வகுத்தால் 0.4. அரை எடை விகிதம் என்று இன்னொன்று: தனித்தனியாகத் தெரிந்ததைப் பாதியாக்கி 12ஐ 12+9 ஆல் வகுத்தால் 0.57. எண் பெரிதாக வருகிறதே என்று இரண்டாவதை எடுக்கக் கூடாது. சேர்ந்திருக்கும்போது கண்ணில் படுவதைவிடப் பிரிந்திருக்கும்போது கண்ணில் படுவது கூடுதல் என்று தெரிந்தால்தான் அது பொருந்தும். இல்லையென்றால் எளிய விகிதம். ஒரே துழாவலில் இரண்டும் தெரிந்து, ஆனால் தள்ளித் தள்ளி இருந்தால் அதையும் கீழெண்ணில் கூட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

அடுத்த கேள்வி, 0.4 என்பது உண்மையான நெருக்கமா, தற்செயலா? நாள் முழுக்க வெளியே தெரியும் இரண்டு குரங்குகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டாலும் பலமுறை சேர்ந்து தெரியும். இதற்கு லார்ஸ் பெய்டரும் கூட்டாளிகளும் 1998ல் சொன்ன வழி குலுக்கல்: யார் எத்தனை முறை தெரிந்தது, சேர்ந்து தெரிந்த ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்பதை மாற்றாமல், யார் எந்தக் குழுவில் என்பதை மட்டும் ஆயிரக்கணக்கான முறை இடம் மாற்றிப் போட்டு, கிடைக்கும் எண்களோடு உண்மையானதை ஒப்பிடுவது. வயது, பால், நிலை போன்றவற்றோடு நெருக்கத்தைப் பொருத்திப் பார்க்கும் கணக்குக்கு இந்தக் குலுக்கல் அப்படியே பொருந்தாது, இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டும் என்று 2021ல் வந்த கட்டுரை எச்சரித்தது. பழைய பாடக் குறிப்பை நம்பி அப்படியே ஓட்டுபவர்கள் இன்னும் உண்டு.

மென்பொருளுக்கு ஹால் வைட்ஹெட் எழுதிய சாக்பிராக், ஆர் என்ற கணினி மொழியில் ஆஸ்னைப். படம் வரைய கெஃபி. கெஃபி வரையும் படம் அழகாக இருக்கும், அதிலேயே மயங்கிவிட வேண்டாம். இரண்டு புள்ளிகள் காகிதத்தில் அருகே விழுவதற்கும் காட்டில் அருகே இருப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது; மென்பொருள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அடுக்கும்.

நெருக்கம் எதற்காக என்ற கேள்விக்கு நல்ல சாட்சி போர்ட்டோ ரிக்கோ பக்கத்துத் தீவில் கிடைத்தது. காயோ சாந்தியாகோவில் 1938ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன 409 செம்முகக் குரங்குகளின் வாரிசுகள் வாழ்கின்றன. 2017ல் மரியா சூறாவளி மரங்களைச் சாய்த்தது. நிழல் அருமைப் பண்டமானது. சண்டை கூடும் என்று எதிர்பார்த்தால் நடந்தது தலைகீழ்: குரங்குகள் முன்பைவிட அதிகம் பேரைப் பக்கத்தில் விட்டன, புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டன.

மாலை மழை விட்டதும் விடுதி வாசல் மாமரத்தில் முசுறு. மலாயில் கெரெங்கா. இரண்டு இலைக்கு இடையே எட்டாத இடைவெளி. ஓர் எறும்பு முந்தினதன் இடுப்பைத் தாடையால் கவ்வ, அதன் இடுப்பை அடுத்தது கவ்வ, சங்கிலி தொங்குகிறது. இலை விளிம்பில் பல இடங்களில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இழுத்துப் பார்க்கிறது. எங்கே இலை கொஞ்சம் மடிகிறதோ அங்கே இழுக்கும் எறும்பிடம் மற்றவை வந்து சேர்கின்றன. மடியாத இடத்தில் இழுத்தவை விட்டுவிட்டு வருகின்றன. கட்டளையிட யாரும் இல்லை. விளிம்புகள் தொட்டதும் வேறு சில எறும்புகள் புழுப்பருவக் குட்டிகளை வாயில் தூக்கிவந்து இரு விளிம்பிலும் மாறி மாறி ஒற்றுகின்றன. புழு வாயிலிருந்து பட்டு இழை வருகிறது. தைப்பவர்கள் பெரியவர்கள், நூல் குழந்தைகளுடையது. மரத்தில் சாய்ந்து பார்க்க வேண்டாம், கடிக்கும் இடத்திலேயே அமிலத்தையும் பீய்ச்சும்.

செவ்வாய், ஜார்ஜ் டவுன்

மாலையில் அங்சானா மரங்களுக்கு மைனாக்களும் கருமினுங்கு நாகணவாய்களும் அடைய வரும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே அங்கே போய் நின்றுவிட வேண்டும். வானத்தைத் திசைக்கு ஒருவராக நான்காகப் பிரித்து, உள்ளே வருவதை மட்டும் எண்ணுங்கள். மரத்தில் உட்கார்ந்த பிறகு எண்ண முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணைப் பழக்கி, அதை வைத்து அளந்து போவது வழக்கம். கூட்டம் பெரிதாக ஆகக் கண் குறைத்தே மதிப்பிடும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து இரவில் எண்ணிச் சரிபார்த்தால் உங்கள் கண் எவ்வளவு குறைக்கிறது என்று தெரியும்.

ரோம் நகரத்து நாகணவாய்க் கூட்டங்களைப் பல கேமராக்களால் படம் பிடித்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2008ல் சொன்னது: ஒவ்வொரு பறவையும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவற்றைப் பார்ப்பதில்லை, தூரம் எதுவானாலும் ஆறேழு அண்டைப் பறவைகளையே பார்க்கிறது. கூட்டம் விரிந்தாலும் சுருங்கினாலும் அறுந்து போகாததன் காரணம் அதுதான். பினாங்கு மைனாவுக்கும் அதே எண் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

புதன், நிபோங் திபால்

பாலம் தாண்டித் தென் செபராங் பிறை. வழியெல்லாம் செம்பனை. தோட்டத்தில் குரங்கு என்றாலே நஷ்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு செய்தி: பேராக்கின் சேகாரியில் பன்றிவால் குரங்குகளைப் பார்த்த யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும், அவை செம்பனையில் எலி பிடித்துத் தின்கின்றன, அதனால் எலித் தொல்லை பெரிதும் குறையும் என்று 2019ல் எழுதினார்கள். மலாயில் பெரோக் என்று சொல்லி, தேங்காய் பறிக்கப் பழக்கும் அதே குரங்குதான்.

இரவு கிரியான் ஆற்றில் மின்மினிப் படகு. கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒன்றாய் மின்னும். ஒரு தலைவன் தாளம் தட்டுவதில்லை. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம். பக்கத்துப் பூச்சியின் ஒளி பட்டதும் அந்தக் கடிகாரம் சற்று முன்னோ பின்னோ தள்ளிக்கொள்கிறது. தாய்லாந்துப் பூச்சிகளைப் பிடித்து இருட்டறையில் விட்டுப் பார்த்த ஜான், எலிசபெத் பக் தம்பதியினர் 1968ல் இதை விளக்கினார்கள். முதலில் இரண்டு சேர்ந்தன, பிறகு மூன்று, பிறகு அறை முழுக்க.

கண்ணை நம்பாதீர்கள், தாளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கண் தாளத்தைக் கண்டுபிடித்துவிடும். கைப்பேசியில் வினாடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) வைத்துக் காணொளி எடுங்கள். வெளிச்ச அளவையும் குவியத்தையும் கையால் பூட்டிவிடுங்கள், தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் கைப்பேசி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அதுவே ஒரு பொய்த் தாளம் உண்டாக்கும். படகில் எடுத்தது கணக்குக்கு உதவாது, ஆடும். படகுத்துறையில் முக்காலி போட்டு, ஒரே கிளையைக் குறைந்தது இரண்டு நிமிடம். பிளாஷ் கூடவே கூடாது, பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள். நிலா இல்லாத, மழை விட்ட இரவு சிறந்தது. படகோட்டி அண்ணனிடம் முன்கூட்டியே சொன்னால் அந்தக் கிளைக்கு எதிரே மற்றப் படகுகள் நிற்காமல் பார்த்துக்கொள்வார்.

பிறகு சட்டத்துக்குச் சட்டம் பிரித்து, கிளையின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் தனித்தனியாக ஒளி அளவை எடுத்து இரண்டு கோடுகளாக வரைய வேண்டும். மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒத்திசைவு உண்மை. முழுக் கிளைக்கும் ஒரே கோடு போட்டால், ஒரு மூலையில் ஐம்பது பூச்சி சேர்ந்து மின்னுவதும் கிளை முழுவதும் சேர்ந்து மின்னுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். எதிர்க்கரை வீட்டு விளக்கு சட்டத்தின் ஓரத்தில் விழுந்திருந்தால் அளப்பதற்கு முன்பே அந்த ஓரத்தை வெட்டிவிடுங்கள்; கோப்பின் பெயரில் தேதி, மணி, சட்ட வேகம், நிலா உண்டா இல்லையா நான்கும் இருக்கட்டும்.